ஓடாத ஆயில் இன்ஜினை எடைக்குப் போடும் முன்



கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்தில் நம் சகோதரி ஒருவருக்கு ஒன்றரை ஏக்கர் மரவள்ளி இருக்கிறது. கரண்ட் இணைப்பு இன்னும் கிடைக்கவில்லை. அவருடைய மர்ஹூம் கணவர் வாங்கிப் போட்ட 5 குதிரைத்திறன் ஆயில் இன்ஜின்தான் கிணற்றுத் தண்ணீரை இறைக்கிறது. இத்தா முடிந்து, வெளியூரிலிருந்து வந்த மகன் ஹேண்டில் போட்டபோது அது கிளம்பவில்லை. பார்க்க வந்த ஒருவர், "ரிங் போச்சு, செலவு தாங்காது, எடைக்குப் போட்டுடுங்க" என்றார். பயிரோ காய்கிறது. எங்களிடம் யோசனை கேட்டார்கள். போய்ப் பார்த்ததையே இந்த மாதப் பாடமாக எழுதுகிறோம்.

இது லிஸ்டர் வகை. 1930 வாக்கில் இங்கிலாந்தில் பிறந்த வடிவம். பிறகு ராஜ்கோட் பட்டறைகளில் ஏராளமாகச் செய்தார்கள். நிமிடத்துக்கு 650 சுற்றுதான். மெதுவாக ஓடுவதால் தேய்மானம் குறைவு. கடலோரத்து வள்ளங்களில் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டாரில் பிளக் உண்டு. அது நின்றால் முதலில் பிளக்கைத்தான் கழற்றிப் பார்ப்பார்கள். இதில் பிளக்கும் இல்லை, பேட்டரியும் இல்லை. பிஸ்டன் காற்றை இறுக்கும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். ஆகவே கேள்வி இரண்டுதான்: காற்று இறுகுகிறதா? டீசல் வந்து சேர்கிறதா?

முதல் கேள்விக்குக் கருவி எதுவும் வேண்டாம். ஹேண்டிலைக் கழற்றி, டீசலை மூடி, வால்வைத் தூக்கும் லீவரை இறக்கிவிட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் முட்டிக்கொண்டு பின்னால் திரும்பினால் கம்ப்ரஷன் இருக்கிறது. புஸ்ஸென்று விட்டுவிட்டால்தான் வால்வு, ரிங், கேஸ்கட் என்று சந்தேகப்பட வேண்டும். சகோதரியின் இன்ஜின் ரப்பர் பந்து போல் திரும்பி வந்தது. ரிங் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்தது டீசல். நான்கு மாதம் பத்து நாள் யாரும் தொடாத இன்ஜின் அது. பாதி காலியான டாங்கில் ஈரம் படிந்து தண்ணீராகும். அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தோம்; சற்று நேரத்தில் தண்ணீர் கீழே தனியாக நின்றது. டாங்கைக் கழுவி, புது பில்டர் போட்டோம். அப்போதும் ஓடவில்லை. சுற்றும்போது நாசிலில் 'கிறீச்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும்; அது இல்லை. அப்படியானால் பைப்பில் காற்று நிற்கிறது.

காற்றை எடுக்க வரிசை உண்டு. முதலில் பில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை விட்டு இறுக்குங்கள். பிறகு பம்பிலும் அப்படியே. கடைசியாக நாசிலுக்குப் போகும் பைப் நட்டைத் தளர்த்தி, சொட்டு வரும்வரை சுற்றுங்கள். நாசிலைக் கழற்றிப் பீய்ச்சிப் பார்ப்பதானால் கையை எதிரே நீட்டவே வேண்டாம். அந்த வேகத்தில் டீசல் தோலுக்குள் புகுந்துவிடும்.

பில்டரில் குமிழி நிற்கவே இல்லை. பார்த்தால், ஒரு செம்பு வாஷர் வெடித்திருந்தது! மாற்றியதும் 'கிறீச்' வந்தது. இரண்டாவது சுற்றில் கிளம்பியது. முதலில் வெள்ளைப் புகை, சூடானதும் தெளிந்தது. சூடான பிறகும் கரும்புகை வந்தால் பாரம் அதிகம் அல்லது காற்று பில்டர் அடைப்பு. நீலமாக வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது.

ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். எதிர்த்து அடித்தால் கை பிழைக்கும். கைலி, துப்பட்டா பெல்ட்டுக்கு அருகே வரக்கூடாது. கோடையில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று இன்ஜினையே கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுகிறவர்கள் உண்டு. புகை அடியில் தேங்கி உயிர் போயிருக்கிறது. பிள்ளைகளை அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள்.

இரண்டையும் பார்த்த பிறகும் ஓடாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் ரிங் என்று சொன்னால், சக்கரத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.