உப்புக் காற்றில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு

கேள்வி: மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய வீட்டில் நெடுநாள் ஓடாமல் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் புதுப்பிக்க எதிலிருந்து தொடங்க வேண்டும்? விளக்குகள் மங்கலாக எரிவது ஏன்?

பதில்: சென்னையில் 1961 முதல் தயாரிக்கப்பட்ட ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவமாகும். 1962இல் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரும் இதே அடிச்சட்டத்தைத் தழுவி உருவானதால், இரண்டின் பழுதுகளிலும் ஒற்றுமை மிகுதி.

சேஸி எனப்படும் இந்த அடிச்சட்டத்தின் உள்ளீடற்ற பகுதிகளில் படியும் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது நீரை ஈர்த்துக் கரைந்து, மின்சாரம் கடத்தும் கரைசலாகித் துருவை விரைவுபடுத்துகிறது. ஆகவே முதலில் நன்னீரால் உட்புறத்தையும் கழுவி, முழுவதும் உலர்த்தி, சிறு சுத்தியலால் தட்டி, நலிந்த இடங்களைக் குறிக்க வேண்டும். துருவேறிய தகட்டை வெட்டுமுன் கதவு இடைவெளிகளை அளந்து, தற்காலிகத் தாங்குகம்பிகளைப் பொருத்தாவிட்டால், பாடி வளைந்து கதவுகள் பொருந்தாமல் போகும்.

விளக்கு மங்குவதற்குப் பெரும்பாலும் ‘எர்த்’ இணைப்பே, அதாவது மின்சாரம் உலோக உடல் வழியாக பாட்டரிக்குத் திரும்பும் பாதையே, காரணமாகிறது. விளக்குகளை எரியவிட்டு, விளக்கின் உலோக உறைக்கும் பாட்டரியின் எர்த் முனைக்கும் இடையே மல்டிமீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், இடையிலுள்ள இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம்செய்து இறுக்க வேண்டும்.

பிரேக்கின் ரப்பர் வளையங்களையும் குழாய்களையும் மாற்றி, சேஸியைத் தேர்ந்த வெல்டரிடம் காட்டிய பின்னரே வண்டியைச் சாலையில் இறக்க வேண்டும். பெயின்ட் வேலை கடைசியில் செய்ய வேண்டியது.