டிபி நோயாளியின் உயிர் காக்கும் மூன்று அளவுகள்



நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் காசநோய், அதாவது டிபி சம்பந்தப்பட்டவை பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் வருகின்றன. மூச்சுத் திணறுகிறது, தஞ்சாவூர் மெடிக்கலுக்குக் கொண்டு போக வேண்டும், வண்டிக்கு உதவுங்கள் என்பார்கள். டிபிக்கு மருந்து உண்டு, அதுவும் அரசு மருத்துவமனையில் இலவசம். சாதாரண டிபி ஆறு மாத சிகிச்சையில் குணமாகிவிடும். அப்படியிருந்தும் ஏன் சிலர் இறக்கிறார்கள்? யாருக்கு ஆபத்து என்பதை முதல் நாளிலேயே அறிய முடியுமா? இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான்.

வீட்டு சிகிச்சையும் மருத்துவமனைச் சேர்க்கையும்

ஒரு காலத்தில் டிபி வந்தால் ஊரை விட்டு விலக்கி, சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைப்பார்கள். 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம் இந்த வழக்கத்தை மாற்றியது. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தார்கள் என்பதை 1959-ல் அது உலகுக்குக் காட்டியது. அதனால்தான் இன்று பெரும்பாலானோரை மாத்திரையுடன் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அது சரியான முறையே.

ஆனால், நோய் கண்டுபிடிக்கப்படும்போதே உடல் மிகவும் நலிந்துபோன சிலர் இருக்கிறார்கள். டிபி இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் நடப்பது இவர்களால்தான். இவர்களுக்கு மாத்திரை மட்டும் போதாது. படுக்கை, ஆக்சிஜன், கண்காணிப்போடு கூடிய உணவு ஆகியவையும் வேண்டும்.

இவர்களைப் பிரித்தறிய, ஐ.சி.எம்.ஆரின் சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் துணையோடு தமிழக அரசு 2022 ஏப்ரலில் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கியது. ஆய்வகப் பரிசோதனை எதுவும் இல்லாமல், மருத்துவமனை ஊழியர் சில நிமிடங்களில் பார்த்துவிடக்கூடிய மூன்று விஷயங்கள்தான் இதன் அடிப்படை.

மூன்று அளவுகள்

1. எடை: கிலோ கணக்கிலான எடையை, மீட்டர் கணக்கிலான உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். கிடைக்கும் எண் 18.5-க்குக் குறைந்தால் அது எடைக்குறைவு. 14 அல்லது அதற்கும் கீழ் என்றால் உயிராபத்து. 14-க்கு மேல் 16 வரை இருந்து, காலில் வீக்கமும் இருந்தால் அதுவும் ஆபத்தே. உதாரணமாக, 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 35 கிலோ இருந்தால் அவர் ஆபத்தில் இருக்கிறார். 40 கிலோ இருந்து கால் வீங்கியிருந்தால் அவரும் அப்படியே.

2. மூச்சு: உட்கார்ந்து ஓய்வாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். 24-க்கு மேல் போகக்கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் இருக்கிறது. அதில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழ் இறங்கக்கூடாது.

3. நிற்கும் சக்தி: சுவரையோ ஆளையோ பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றில் ஒன்று தவறினாலும் அவர் ஆபத்தானவர் பட்டியலில் சேர்கிறார். அன்றே மருத்துவர் முழுமையாகப் பரிசோதித்து, தேவையென்றால் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும்.

மருத்துவர் தேடுவது என்ன?

நுரையீரல் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா, காற்று கசிந்து நுரையீரல் சுருங்கியிருக்கிறதா, சளியில் இரத்தம் வருகிறதா, வேறு கிருமியும் சேர்ந்து நிமோனியா ஆகியிருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். கூடவே சர்க்கரை, இரத்தசோகை, எச்.ஐ.வி. பரிசோதனையும் நடக்கும். சர்க்கரை நோயாளிக்கு டிபி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். பீடி, சிகரெட், குடிப்பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. கூச்சப்பட்டு மறைப்பது சிகிச்சையைத்தான் கெடுக்கும்.

உணவும் மருந்துதான்

ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. நோயாளிகளுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு, அதாவது 40 கிலோ உள்ளவர் இரண்டு கிலோ கூடினால், இறப்பு அபாயம் சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. குடும்பத்தாருக்கும் உணவு கொடுத்த வீடுகளில் புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது.

ஓர் எச்சரிக்கை. எலும்பும் தோலுமாக இருப்பவருக்குப் பாசத்தில் முதல் நாளே பிரியாணியும் கறியுமாக நிறையக் கொடுக்காதீர்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடலில் திடீரென்று உணவு அதிகமானால் இரத்தத்தில் உப்புச் சத்துகள் குலைந்து இதயமே நின்றுவிடலாம். மருத்துவர் சொல்லும் அளவில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் பேராவூரணி அரசு மருத்துவமனையிலோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சளிப் பரிசோதனை செய்யுங்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது, சபுர் போகும் பையன் மெடிக்கலில் தேறமாட்டான் என்று மறைப்பவர்கள், அந்தப் பிள்ளைகளின் உயிரையே பணயம் வைக்கிறார்கள். குணமாகும் நோயில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நோய் உறுதியானதும் எடை, மூச்சு, நிற்கும் சக்தி மூன்றையும் பார்த்தார்களா என்று ஊழியரிடம் பணிவாகக் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் முதல் இரண்டு மாதம் இவற்றைக் கவனியுங்கள். சிகிச்சைக் காலத்தில் அரசு மாதம் 1000 ரூபாய் ஊட்டச்சத்துக்காக வங்கிக் கணக்கில் செலுத்துகிறது (2024 நவம்பருக்கு முன் 500 ரூபாய்). அதற்குப் பதிவு செய்துகொள்ளுங்கள். ரமளானில் நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை ஏற்று, மருத்துவரைக் கேட்காமல் மருந்து நேரத்தை மாற்றாதீர்கள்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களில் பரவும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். எனவே நலம் விசாரிக்கப் போகத் தயங்க வேண்டாம். முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பதில் பருப்பும் முட்டையும் கொண்டு போங்கள்.

ஜகாத், ஸதகா தரும் சகோதரர்களுக்கு ஒரு விண்ணப்பம். கடைசி நேர வண்டிச் செலவைவிட, முதல் இரண்டு மாத உணவுச் செலவு மிகக் குறைவு. ஓர் ஏழைக் குடும்பத்துக்கு அதை யாராவது பொறுப்பேற்றால், அந்த வீட்டில் ஒரு ஜனாஸாவைத் தவிர்க்கலாம், இன்ஷா அல்லாஹ். எல்லா நோயாளிகளுக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.