தொலைபேசிக் கிளையிணைப்பு

கைத்தொலைபேசி யாவர் கையிலும் உள்ள இக்காலத்திலே, கம்பிவழித் தொலைபேசியைப் பற்றிக் கற்பது எதற்கு எனச் சிலர் வினாவலாம். பாடசாலை, வைத்தியசாலை, கூட்டுறவுச் சங்கம் முதலியவற்றின் காரியாலயங்களில், அறைக்கு அறை கட்டணமின்றிப் பேசவும், வெளியழைப்பை உரியவரிடம் சேர்க்கவும் சிறு தொலைபேசி நிலையம் இன்றும் பயன்படுகின்றது. அதற்குக் கம்பியிடும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1876இல் கிரகாம் பெல் தொலைபேசிக்கு ஆக்கவுரிமை பெற்றார். 1882இல் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. அந்நாளிற் பணியாளர் கையாற் செய்த இணைப்பை, இன்று சுவரில் மாட்டிய சிறு பெட்டி தானே செய்கின்றது.

வீட்டில் இரண்டாந் தொலைபேசி வைப்போர், முதற் கம்பியிலேயே கிளையெடுத்து மாட்டுவர். இரண்டும் ஒருங்கே ஒலிக்கும். ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்கலாம். காரியாலயத்துக்கு இம்முறை ஆகாது. அங்கே ஒவ்வொரு கிளைக்கும் தனி இலக்கம் உண்டு. ஆதலின் ஒவ்வொன்றுக்கும் நிலையத்திலிருந்து தனி இரட்டைக் கம்பி செல்லவேண்டும். எட்டுக் கிளைக்கு எட்டு இரட்டைகள். மாணாக்கர் முதலில் மனங்கொள்ள வேண்டுவது இதுவே.

இரட்டையின் இரு கம்பிகளும் முறுக்கப்பட்டிருப்பது ஏன்? அயலிலுள்ள மின்கம்பியின் தாக்கம் இரண்டிலும் ஒரே அளவாகப் படிதலால், கருவியில் அஃது நீங்கிவிடும். 1881இல் இம்முறைக்கும் ஆக்கவுரிமை பெற்றவர் பெல்லே. ஓரிரட்டையின் கம்பியை வேறோரிரட்டையின் கம்பியோடு சேர்த்தால் இப்பயன் கெடும். ஓரறைப் பேச்சு மற்றோரறையிற் கேட்கும். நோயாளி வைத்தியரிடம் மறைவாகக் கூறியது அயலறையிற் கேட்குமாயின், அதன் தீங்கு சொல்லவேண்டா. வெள்ளையோடு நீலம், செம்மஞ்சள், பச்சை, கபிலம், சாம்பல் என இரட்டைகளுக்கு நிறம் வகுத்தமை இத்தவறு நேராமைக்கே.

அழைப்பொலி எழும்போது கம்பியில் ஏறத்தாழ 75 முதல் 90 வோல்ற்று வரை ஆடலோட்ட அழுத்தம் தோன்றும். ஆதலின் நிலையத்தின் மின்னை நிறுத்திய பின்னரே கம்பியைத் தொடுக. வீட்டு மின்கம்பி செல்லும் குழாயினுள் தொலைபேசிக் கம்பியைச் செலுத்தற்க.

காரைநகர் போன்ற கடல்சூழ் ஊருக்குச் சிறப்பாக ஒன்று உண்டு. உப்புக்காற்றாற் செம்பிற் களிம்பேறும். முதலில் இரைச்சல் எழும், பின்னர்ப் பேச்சே நின்றுவிடும். ஆகவே இடைவழியில் தொடுப்பு வேண்டா. தவிர்க்கவியலாவிடத்து நீர்புகாத பெட்டிக்குள் வைக்க. கட்டடத்திலிருந்து கட்டடத்துக்கு வெளியே செல்லும் கம்பிக்கு இடிமின் காப்பும் புவித்தொடுப்பும் இன்றியமையாதன.

இறுதியாக, எந்த இரட்டை எந்த அறைக்குச் செல்கின்றது என்பதை எழுதிப் பெட்டியின் கதவினுள் ஒட்டுக. கம்பியிட்டவர் கொழும்புக்கோ கடல்கடந்தோ சென்றுவிடுவார். பழுதுபார்க்க வருபவர் புதியவர். அவ்வோலை இல்லையேல் ஒரு கம்பியைத் தேடப் பத்தை அறுக்க நேரும்.