மஞ்சளாக எரிந்த நெருப்பு

அன்புள்ள மருமகனுக்கு,

நீ வாடகைக்கு விடப்போகும் ஈஸ்ட்ஹாம் வீட்டுத் திறப்பு கைக்கு வந்துவிட்டது என்று அக்கா சொன்னா. நல்ல சந்தோசம். ஆனால் "ஐந்து பேரும் எங்கட ஊர்ப் பெடியள்தானே மாமா, பேப்பர் அலுவலை ஆறுதலாகப் பார்க்கலாம்" என்று நீ போனில் சொன்னது இரண்டு நாளாக மனதைக் குடைகிறது.

1988இல் நான் லண்டனுக்கு வந்த புதிதில் நாலு பேர் ஓர் அறையில் இருந்தோம். வீட்டுக்காரரும் தமிழர்தான். சுவரோடு ஒரு பழைய காஸ் ஹீட்டர். குளிருக்குப் பயந்து ஜன்னலைப் பூட்டி, காற்று வரும் துவாரத்திலும் துணியை அடைத்துவிட்டுப் படுப்போம். விடிய எழும்பினால் எல்லோருக்கும் தலையிடி, வயிற்றைப் பிரட்டும். வெளியே போய்க் கொஞ்ச நேரத்தில் மாறிவிடும். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பனடோல் போட்டோம். ஒருநாள் எங்களைப் பார்க்க வந்த, காஸ் வேலை தெரிந்த ஒருவர், நீலமாக எரிய வேண்டிய நெருப்பு மஞ்சளாக எரிவதைக் கண்டார். ஒன்றும் பேசாமல் போய்க் காஸை மூடிவிட்டுத்தான் திரும்பினார். எங்களுக்குத் தலையிடி தந்த கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அத்தனை நாளும் வீட்டுக்காரரிடம் நாங்கள் வாய் திறக்கவில்லை. இருக்க இடம் தந்த மனிசனிடம் குறை சொல்வதா என்று இருந்துவிட்டோம்.

எங்கட பெடியள் என்பதால்தான் எனக்குப் பயம். அவங்கள் கவுன்சிலுக்கும் எழுதமாட்டாங்கள், உன்னையும் கேட்கமாட்டாங்கள்.

காஸ் சான்றிதழ் இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடாதே. சட்டப்படி வருடத்துக்கு ஒருமுறை காஸ் சேஃப் பதிவுள்ள ஆள் வந்து பார்க்க வேண்டும். குடிவரும் முன்பே சான்றிதழின் பிரதி அவங்கள் கையில் இருக்க வேண்டும். வருகிறவரின் அடையாள அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார். எந்த வேலைக்குத் தகுதி என்று அதில்தான் இருக்கும். பொய்லருக்குத் தகுதி இல்லாதவர் பொய்லரைத் தொடக்கூடாது. அவர் பார்க்கும்போது நீயும் பக்கத்தில் நின்று, எதைப் பார்க்கிறீர்கள் என்று கேள்.

மின்சாரச் சோதனை ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது வேண்டும். அறிக்கையில் சி1, சி2 என்று வந்தால் அது ஆபத்து. 28 நாளுக்குள், அறிக்கையில் அதைவிடக் குறைந்த நாள் சொன்னால் அதற்குள், திருத்த வேண்டும். புகை அலாரம் மாடிக்கு ஒன்று. பொய்லர் உள்ள அறையில் கார்பன் மொனொக்சைட் அலாரம், 2022 ஒக்டோபரிலிருந்து அதுவும் கட்டாயம். குடிவரும் நாளில் இரண்டையும் அவங்கள் முன்னால் அமத்திச் சத்தம் கேட்கப் பண்ணு.

ஒரே குடும்பம் இல்லாத ஐந்து பேர் என்றால் கவுன்சில் லைசென்ஸ் எடுத்தே ஆக வேண்டும். உன் வீடு நியூஹாமில் இருக்கிறது. 2013இல் வாடகை வீடுகளுக்குத் தன் எல்லை முழுவதும் லைசென்ஸ் கொண்டுவந்த கவுன்சில் அது, கண்ணை மூடிக்கொண்டு இருக்காது. எனர்ஜி சான்றிதழ், விசாவைச் சரிபார்த்தல் எல்லாம் அரை நாள் வேலை.

டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்காதே. வாங்கியதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டத்தில் பதிந்துவிடு. ஊரில் காணி விற்றுப் படிக்க வந்த பிள்ளைகளின் காசு அது.

உன் வீடு என்றாலும், அவங்கள் குடிவந்தபிறகு 24 மணித்தியாலத்துக்கு முன்பே எழுத்தில் சொல்லாமல் திறப்பைப் போட்டு உள்ளே போகாதே.

ஞாயிறு பத்து மணிக்கு நான் அங்கே வருகிறேன். பொய்லர் அலுமாரிக்கு முன்னால் அடுக்கி வைத்த பெட்டிகளை நான் வருவதற்கு முன் எடுத்துவிடு. டோர்ச் நான் கொண்டு வருவேன்.

அன்புடன்,
மாமா