உடல் அயலை அறியும் விதம்

சென்ற பருவத்தில் விடுதி நண்பர் ஒருவர் என்னிடம் ஓர் ஐயத்தைக் கேட்டார். அவருடைய தங்கைக்கு இரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜையை மாற்றினால் பிழைக்க வழியுண்டு என்றனர் மருத்துவர். "எனக்கும் அவளுக்கும் ஒரே இரத்தப் பிரிவு. இருந்தும் என் மஜ்ஜை அவளுக்கு ஆகாது என்கிறார்களே, ஏன்?" என்பது அவர் கேள்வி. அன்று மாடிப்படியில் நின்றபடி அரைகுறையாக ஏதோ விடை சொன்னேன். அதனை முறையாகச் சொல்லவேண்டும் என்ற எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம். உயிர்நூல் பயிலாத அன்பர்களுக்கும் இது விளங்கும் என்று நம்புகிறேன்.

இருவகை அணுக்கள்

நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களுள் பி-அணு, டி-அணு என இருவகை உண்டு. இவை இனங்கண்டு எதிர்க்கும் அயற்பொருளை ஆன்டிஜென் என்பர். பி-அணு, இரத்தத்தில் மிதக்கும் ஆன்டிஜெனை அதன் முழு உருவிலேயே பற்றிக்கொள்ளும். பின்னர் அதற்கேற்ற எதிர்ப்பொருளை ஆயிரக்கணக்கில் சுரக்கும். ஆனால் வைரஸ் நம் உயிரணு ஒன்றினுள் புகுந்துவிட்டால் எதிர்ப்பொருள் அங்கே எட்டாது. அப்போது டி-அணுவே துணை. உயிரணுவைத் திறந்து பாராமல், உள்ளே இருப்பதை அது எவ்வாறு அறிகிறது?

ஒரு சோறு பதம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பதில்லையா? உடலும் அதையே செய்கிறது. ஒவ்வோர் உயிரணுவும் தன்னுள் உருவாகும் புரதங்களில் சிலவற்றை ஓயாது துண்டாக்குகிறது. துண்டாக்கும் கருவிக்குப் புரோட்டியசோம் என்று பெயர். எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துண்டுகள், எம்.எச்.சி. முதல் வகுப்பு என்னும் மூலக்கூறுகளில் அமர்த்தப்பட்டு, அணுவின் மேற்புறத்துக்கு வருகின்றன. எம்.எச்.சி.யை ஒரு தாம்பாளம் எனக் கொள்க. அதில் இருப்பது நம் புரதத்தின் துண்டாயின் டி-அணு கடந்து போய்விடும். வைரஸின் துண்டாயின், கொல்லும் டி-அணு அவ்வுயிரணுவையே அழித்துவிடும். வைரஸ் பெருகுவதற்கு இடமின்றிப் போகும்.

வெளியிலிருந்து வரும் கிருமிகளுக்கு இரண்டாம் வகுப்புத் தாம்பாளம் உண்டு. இதனை எல்லா அணுக்களும் ஏந்துவதில்லை. கிளையணு, பெருவிழுங்கி, பி-அணு ஆகியவையே சிறப்பாக ஏந்துகின்றன. தோலிலும் குடலிலும் காத்திருக்கும் கிளையணு கிருமியை விழுங்கிச் செரித்து, அதன் துண்டுகளை ஏந்தி நிணக்கணுவுக்குச் செல்கிறது. அங்கே உதவும் டி-அணுக்கள் அவற்றைக் கண்டு பெருகி, பி-அணுவையும் கொல்லும் அணுவையும் ஊக்குகின்றன. எச்.ஐ.வி. அழிப்பது இவ்வுதவும் அணுக்களையே. ஆதலால்தான் அந்நோயில் காவல் முழுதும் தளர்கிறது.

எலிகள் காட்டிய உண்மை

இவ்வுண்மைக்கு வழி திறந்தவர்கள் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆய்ந்த ரோல்ஃப் சிங்கர்நாகலும் பீட்டர் டோஹெர்ட்டியும் ஆவர். வைரஸ் தொற்றிய எலியின் டி-அணுக்கள், தம் இனத்து எலியின் தொற்றுண்ட அணுக்களைக் கொன்றன. அதே வைரஸ் தொற்றிய வேற்றின எலியின் அணுக்களையோ தொடவில்லை. ஆகவே டி-அணு வைரஸை மட்டும் பார்ப்பதில்லை, ஏந்தும் தாம்பாளத்தையும் சேர்த்தே பார்க்கிறது என 1974-இல் அவர்கள் தெளிந்தனர். 1996-இல் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர். 1987-இல் பமேலா பியார்க்மன் முதலியோர் எக்ஸ்-கதிர் கொண்டு எம்.எச்.சி.யின் உருவைக் கண்டனர். இரு கரைகளும் ஒரு தளமும் கொண்ட வாய்க்கால் போன்ற பள்ளத்தில் துண்டு படுத்திருந்தது!

தைமஸ் என்னும் பள்ளி

டி-அணுக்கள் மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியில் பயில்கின்றன. நம் தாம்பாளத்தை அறவே அறியாதவை அங்கே மடிகின்றன. நம் துண்டுகளையே வன்மையாகப் பற்றுபவையும் நீக்கப்படுகின்றன. மிகச் சிலவே தேறி வெளிவருகின்றன. நம் தேர்வுகள் எவ்வளவோ எளியவை!

நண்பருக்கு விடை

மனிதரின் எம்.எச்.சி.க்கு எச்.எல்.ஏ. என்று பெயர். அதன் மரபணுக்கள் ஆறாம் நிறமியில் வரிசையாக அமைந்துள்ளன. ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடுவன. டி-அணுக்கள் தம் வீட்டுத் தாம்பாளத்தோடு மட்டுமே பழகியவை. எனவே பிறர் தாம்பாளத்தைக் கண்டதும் அவற்றுட் பல அயல் எனக் கொண்டு எழுகின்றன. மஜ்ஜை மாற்றத்தில் இன்னோர் இடரும் உண்டு. புதிய மஜ்ஜையோடு வந்த டி-அணுக்கள், பெற்றவரின் உடலையே தாக்கக்கூடும்.

இரத்தப் பிரிவோ சிவப்பணுவின் மேலுள்ள வேறு குறி. அது பொருந்தாவிடினும் மஜ்ஜையை மாற்றலாம். பெற்றவரின் இரத்தப் பிரிவு நாளடைவில் கொடுத்தவருடையதாக மாறிவிடும். எச்.எல்.ஏ.யிலோ தந்தையிடமிருந்து ஒரு தொகுதி, தாயிடமிருந்து ஒரு தொகுதி பெறுகிறோம். ஆகவே உடன்பிறந்தார் இருவர் முழுதும் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. பாதி பொருந்த நான்கில் இரண்டு. சிறிதும் பொருந்தாதிருக்க நான்கில் ஒன்று. நம் நண்பர் இறுதி வகையில் அகப்பட்டார். பெற்றோர் பாதியேனும் பொருந்துவர். அதைக் கொண்டும் இன்று மருத்துவம் செய்கின்றனர். எனினும் முழுப் பொருத்தம் கிடைக்குமா என்றே முதலில் தேடுகின்றனர்.

நாம் செய்யத் தக்கது

குடும்பத்துக்கு வெளியே பொருத்தம் கிடைப்பதாயின், பெரும்பாலும் ஒரே வழிவந்த மக்களிடையேதான் கிடைக்கும். தமிழ் மாணவர்கள் கொடையாளர் பதிவேட்டில் சேர்வது தமிழ்நாட்டு நோயாளிகளுக்கு ஏன் பெருந்துணை என்பது இதனால் விளங்கும். பதிவு செய்யக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுத்தாலே போதும். பொருத்தம் கண்டு அழைத்தால், சில நாள் ஊசி போட்டபின், பெரும்பாலும் கைநரம்பின் வழியே இரத்தம் எடுத்து, வேண்டிய அணுக்களைப் பிரித்துக்கொண்டு மிகுதியை உடலுக்கே திருப்பிவிடுகின்றனர். எலும்பைத் துளைப்பார்கள் என்று அஞ்சி ஒதுங்குவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். பதிந்தபின் அழைப்பு வரும்போது பின்வாங்குவது மட்டும் ஆகாது. அங்கே ஓர் உயிர் நம் சொல்லை நம்பிக் காத்திருக்கும்.

நண்பரின் தங்கைக்கு உரியவர் இன்னும் கிடைக்கவில்லை. அவர் நம் விடுதியிலேயே இருக்கலாம்; இதைப் படிப்பவராகவும் இருக்கலாம்.