மரக்கழலை: வளர்வதும் வெட்டுவதும்

சில மரங்களின் அடியிலோ தண்டிலோ ஒரு பகுதி பந்துபோல் புடைத்து நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். இதனைக் கழலை என்பர். ஏதோ நோய் என்று எண்ணிக் கடந்து போகிறோம். கைவினைத் தச்சருக்கோ அதுவே மரத்தின் விலைமிக்க பகுதி. கழலை எவ்வாறு உண்டாகிறது? அதை எப்போது வெட்டலாம்? அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரையில் வளரும் ரெட்வுட் மரத்தைச் சான்றாகக் கொண்டு இவற்றைக் காண்போம்.

பட்டைக்கு உட்புறமுள்ள கேம்பியம் என்னும் வளர்திசு ஆண்டுதோறும் புதிய மரத்தை உண்டாக்குகிறது. அப்போது நார்கள் பெரும்பாலும் நேராக அமைகின்றன. ஆனால் ஓரிடத்தில் உறங்கும் மொட்டுகள் பல கூடிவிட்டால், அவை கிளையாக நீளாமல் பெருகிக்கொண்டே போகும். ஒவ்வொரு மொட்டையும் சுற்றி நார்கள் வளைந்து சுழல்கின்றன, அவ்விடம் புடைக்கிறது. காயம், பூஞ்சை, பூச்சி ஆகியவையும் இத்தகைய வளர்ச்சியைத் தூண்டலாம்.

ரெட்வுட்டில் கழலை நோயன்று. இயற்கை தந்த காப்பு. நாற்றுப் பருவத்திலேயே வித்திலைகளின் கக்கத்தில் மொட்டுகள் தோன்றி, அடிமரத்தில் கழலையாகத் திரள்கின்றன. நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து, இரண்டாயிரம் ஆண்டுகள்கூட வாழவல்ல இம்மரம் தீயில் கருகினாலும், புயலில் சாய்ந்தாலும், கோடரிக்கு இரையானாலும், உறங்கிய மொட்டுகள் விழித்துத் துளிர்க்கின்றன. தாய்மரம் மடிந்த இடத்தைச் சுற்றி இளமரங்கள் வட்டமாக நிற்கும் காட்சி அக்காடுகளில் உண்டு.

சுழன்ற நார்களும் மொட்டுகளின் கண்போன்ற புள்ளிகளும் கழலை மரத்திற்குத் தனி அழகைத் தருகின்றன. கிண்ணம், மேசைப் பலகை, மெல்லிய ஒட்டுப்பலகை முதலியவற்றிற்கு அதை நாடுகின்றனர். இந்த அழகே மரத்திற்குப் பகையாயிற்று. முதிர்ந்த ரெட்வுட் காடுகளில் ஏறத்தாழ நூற்றில் ஐந்து பங்கே இன்று எஞ்சியுள்ளது. அவை நிற்கும் பூங்காக்களிலும் திருடர் இரவில் புகுந்து, உயிருள்ள மரங்களிலிருந்து கழலைகளை அறுத்தனர். அதனால் 2014-ஆம் ஆண்டு அங்குள்ள ஒரு சாலையையே இரவு நேரத்தில் மூட வேண்டியதாயிற்று.

அப்படியானால் கழலையை எப்போது எடுப்பது? உயிருள்ள மரத்தில் கழலையை அறுத்தால், அதன் அகலத்திற்குப் பட்டையும் கேம்பியமும் போய்விடும். திறந்த புண் வழியே பூஞ்சை நுழையும். மரம் உளுத்து வலுவிழக்கும். அடிக்கழலையானால் மீண்டும் துளிர்க்கும் வாய்ப்பும் குன்றும். ஆகவே வேறு காரணத்திற்காக முறைப்படி வெட்டப்பட்ட மரத்திலோ, எடுக்க உரிமையுள்ள இடத்தில் தானே வீழ்ந்த மரத்திலோ எடுப்பதே தக்கது. அப்போதும் துளிர்க்க வேண்டிய அடிக்கட்டையைத் தோண்டலாகாது.

குளிர்நாடுகளில் பருவமும் பார்ப்பதுண்டு. வசந்தத்தில் கேம்பியம் விரைந்து வளர்வதால் பட்டை எளிதில் கழன்றுவிடும். வளர்ச்சி அடங்கிய குளிர்காலத்தில் வெட்டினால் பட்டை ஒட்டியே நிற்கும். வெட்டிய முகத்தில் உடனே மெழுகு பூசி, நிழலில் மெல்ல உலர்த்த வேண்டும். விரைந்து உலர்ந்தால் வெடித்துவிடும்.

நம் கண்ணுக்கு வீக்கமாகத் தோன்றுவது, ரெட்வுட்டிற்கு ஆபத்துக் காலத்துச் சேமிப்பு. அதன் அழகை நாம் பெறலாம். ஆனால் மரம் தன் வாழ்வை முடித்த பின்னரே அதற்குக் கை நீட்ட வேண்டும்.