கேம்பஸ் வேலை: எதைக் கேட்பது, எதை விடுவது

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வந்துவிட்டால் என் மேசைக்கு எதிரே தமிழ் கேட்கத் தொடங்கிவிடும். அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஓர் அரசுப் பல்கலைக்கழக நூலகத்தில் மாணவர்களை வேலைக்கு எடுப்பவர்களில் நானும் ஒருத்தி. போன வருடம், வாரம் 15 மணி நேர வேலைக்குத் தேர்வான திருச்சிப் பையன் ஒருவன் இரண்டாம் நாளே வந்து வேண்டாம் என்றான். "பி.இ. முடிச்சுட்டு புக் அடுக்கவா அவ்வளவு தூரம் போனேன்னு அம்மா கேக்கறாங்க அக்கா. ரூம்மேட் ரெண்டு பேரும் ஒரு ப்ரொஃபசர் லேப்ல சேந்துட்டாங்க, நானும் அங்கயே போறேன்." சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். "இப்போதைக்கு இல்ல" என்றான்.

அவனைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். எஃப்-1 விசாவில் இருப்பவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. இரண்டு இடத்தில் பார்த்தாலும் இரண்டையும் கூட்டித்தான் 20. அடுத்த பருவத்துக்குப் படிப்பைத் தொடரப்போகிறவர் விடுமுறையில் முழுநேரம் பார்க்கலாம். 'வொர்க்-ஸ்டடி' என்று போட்டிருக்கும் இடங்களுக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். அது கூட்டரசு தன் மாணவர்களுக்குத் தரும் உதவித் திட்டம், எஃப்-1 மாணவர்களுக்கு இல்லை. வேலைக் கடிதம் கையில் வந்த பிறகுதான் எஸ்.எஸ்.என். என்னும் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு விண்ணப்பிக்க முடியும். அட்டை வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை, வேலையைத் தொடங்கிவிடலாம். ஆனால் சேர்ந்த மூன்று வேலைநாளுக்குள், வேலை செய்யும் தகுதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்துக்கான அசல் ஆவணங்களைக் காட்டியாக வேண்டும். முதல் சம்பளச் சீட்டில் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் என்று 7.65 சதவீதம் பிடித்திருந்தால் உடனே சம்பளப் பிரிவுக்குப் போங்கள். எஃப்-1 மாணவர்களுக்குப் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு அந்தப் பிடித்தம் கிடையாது.

பணக் கணக்கையும் வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லினாயில் 2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர். டெக்சஸில் சட்டப்படி இன்னும் கூட்டரசின் 7.25தான், 2009இலிருந்து அது ஏறவில்லை. 15 டாலர் என்றே வைத்தாலும் 20 மணிக்கு வாரம் 300, பதினைந்து வாரத்துக்கு 4,500. அறை வாடகைக்கும் அரிசி பருப்புக்கும் ஆகும். கல்லூரிக் கட்டணத்தை அதில் கட்டிவிடலாம் என்று நம்பி வங்கிக் கடனைக் குறைத்து வாங்கியவர்கள் இரண்டாம் பருவத்தில் தவித்திருக்கிறார்கள்.

கட்டணத்தையே தள்ளுபடி செய்யக்கூடியவை டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்), ஆர்.ஏ. (ஆய்வு உதவியாளர்) பதவிகள். அவை கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் ஆலோசனை சொல்ல ஒன்றுமில்லை. பல இடங்களில் டி.ஏ.வுக்குப் பேச்சு ஆங்கிலத் தேர்வு உண்டு. விடைத்தாள் திருத்தும் கிரேடர் வேலைக்கு அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வேண்டும். நூலகம், கணினி உதவி மையம், டைனிங் ஹால் மூன்றுக்கும் நேரம் தவறாத ஆள் வேண்டும்.

நான் எச்சரிக்க விரும்புவது சம்பளமில்லாமல் லேபில் சேர்வதைப் பற்றி. 'ஒரு பருவம் இலவசமாகச் செய்தால் அடுத்த பருவம் ஆர்.ஏ. ஆக்கிவிடுவார்' என்பது சீனியர்களிடமிருந்து ஜூனியர்களுக்கு வாட்ஸ்அப் வழியாகவே வந்து சேரும் நம்பிக்கை. ஆர்.ஏ. சம்பளம் பெரும்பாலும் பேராசிரியர் வாங்கிய ஆய்வு மானியத்திலிருந்து வருகிறது. மானியத்துக்கு முடியும் தேதி உண்டு. அதில் முதல் பங்கு பிஎச்.டி. மாணவர்களுக்கு, எம்.எஸ். மாணவரின் முறை வரும்போது பல நேரம் பெட்டி காலியாக இருக்கும். பேராசிரியர் ஏமாற்றுகிறார் என்று பொருளில்லை. அவர் வாக்கே கொடுத்திருக்க மாட்டார். "பார்ப்போம்" என்று சொல்லியிருப்பார், நாம் அதை "சரி" என்று கேட்டுக்கொண்டிருப்போம்.

இதில் விசா ஆபத்தும் இருக்கிறது. சம்பளம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையை இலவசமாகச் செய்தால் அதைத் தன்னார்வத் தொண்டு என்று சட்டம் எப்போதும் ஏற்றுக்கொள்ளாது. அதனால் லேபில் கால் வைக்கும் முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். ஆய்வில் உண்மையான ஆசை இருந்தால் அதற்கு நேரான வழி உண்டு: தனிப் பாடமாகப் பதிவு செய்து கிரெடிட்டோடு அந்த ஆய்வைச் செய்யுங்கள். முதல் சந்திப்பிலேயே, "அடுத்த பருவத்துக்கு ஃபண்டிங் இருக்கிறதா, எதுவரை?" என்று கேட்டுவிடுங்கள். இந்தக் கேள்விக்குக் கோபப்படுகிற பேராசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை.

2006இல் நானும் ஒரு லேபில் நான்கு மாதம் இலவசமாக எலிக்கூண்டு கழுவினேன். மே மாதம் மானியம் முடிந்தது. அறைத்தோழியிடம் கடன் வாங்கி வாடகை கொடுத்தேன். அதன்பிறகு டைனிங் ஹாலில் பாத்திரம் கழுவும் ஷிஃப்டில் சேர்ந்தேன். வேலை நாளில் ஒருவேளைச் சாப்பாடு இலவசம், சம்பளம் தேதி தவறாது. கூட நின்ற உள்ளூர்ப் பிள்ளைகளிடம்தான் ஆங்கிலம் பேசக் கற்றேன். அதனால் எனக்கு இன்றும் அந்த வேலைமேல் ஒரு பாசம், மறைக்கவில்லை. என்னிடம் வரும் விண்ணப்பத்தில் 'டிஷ் ரூம், இரண்டு பருவம்' என்று இருந்தால் அந்தப் பிள்ளையைத்தான் முதலில் நேர்காணலுக்குக் கூப்பிடுகிறேன்.

பெற்றோர்களே, உறவினர் கல்யாணத்தில் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும் வேலையைப் பிள்ளைக்குத் தேடாதீர்கள். பேசப் பிடிக்காத பெண்ணை டி.ஏ.வுக்கு முயற்சி செய் என்று தினமும் நச்சரித்தால் அவளுக்குப் படிப்பும் கசந்துபோகும். அவள் இரவு எட்டு மணிக்குமேல் தெளிவாக வேலை செய்கிறவளா, கூட்டத்தில் களைத்துப்போகிறவளா, கைவேலையில் மகிழ்கிறவளா என்று அவளையே கேளுங்கள். தன் இயல்புக்கு ஒத்த இடம் கிடைக்க ஒரு பருவம் ஆகும். சிலருக்கு இரண்டு ஆகும். அதுவரை பொறுக்க வேண்டும், நானும் பொறுத்தவள்தான்.

திருச்சிப் பையன் டிசம்பரில் திரும்பி வந்தான். அவன் விட்ட இடத்தில் அதற்குள் வேறொரு மாணவி சேர்ந்திருந்தாள். டிசம்பரில் பட்டம் வாங்கிப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் இடங்கள் ஜனவரியில் காலியாகும். அவற்றுக்கு நவம்பர் கடைசியிலேயே, தேர்வுக் காய்ச்சல் தொடங்கும் முன்பே, நேரில் வந்து கேட்க வேண்டும். இந்த வருடம் வந்திருக்கும் பிள்ளைகள் அந்த வாரத்தை இப்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.